தர்க்கம் படிக்க வேலையை விடலாமா?

கேள்வி: பெங்களூரு விஜயநகரில் வசிக்கிறேன். சொந்த ஊர் முசிறி. பி.எஸ்சி. கணிதம் முடித்து, ஐந்து ஆண்டுகளாக ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 26. சென்ற ஆண்டு கணிதவியலாளர் குர்ட் கோடலின் தேற்றங்களைப் பற்றி எளிய நடையில் எழுதப்பட்ட நூல் ஒன்றைப் படித்தேன். அதன்பிறகு வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கணித தர்க்கத்தில் முதுகலை படிக்க விரும்புகிறேன். இந்தியாவில் எங்கே படிக்கலாம்? வெளிநாடு போனால்தான் முடியுமா? படித்த பிறகு வேலை கிடைக்குமா? அப்பா, “தர்க்கம் செய்யத்தான் ஆசை என்றால் வக்கீலுக்குப் படித்திருக்கலாமே” என்கிறார். தம்பியின் கல்விக் கடன் தவணையை நான்தான் கட்டுகிறேன். இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

விஜயநகர் வாசகிக்கு,

உங்கள் அப்பா சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் பெரியப்பா இதையே வேறு விதமாகச் சொன்னார்: “வாதம் செய்வதற்கு ஒரு பட்டமா? நம் தெருவில் எல்லோருக்கும் அது பிறவியிலேயே இருக்கிறதே.” அவர் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். வாதத்தின் விலை தெரிந்தவர். அவர் பேச்சைக் கேட்காமல் கணித தர்க்கம் படித்தேன். சில ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்தேன். இப்போது பதினேழு ஆண்டுகளாக இதே பெங்களூருவில் சிப் வடிவமைப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கும் அப்பாவின் கேள்விக்கும் நடுவே நின்றுகொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

வேலையை இப்போது விடாதீர்கள். ஆசையையும் விட வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது கடன் தவணைகூட இல்லை. ஒரு நூல் படித்ததாகச் சொல்கிறீர்கள். அந்தத் துறையில் ஒரு கணக்காவது போட்டுப் பார்த்ததாக எங்கும் எழுதவில்லை. கச்சேரி விமர்சனம் படித்துவிட்டுப் பாட ஆசைப்படலாம், தவறில்லை. ஆனால் சாதகம் செய்து பார்க்காமல் வேலையை விடுவது ஆபத்து.

கோடலைப் பற்றிய எளிய நூல்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் வழுக்கிவிடுகின்றன. “கணிதத்தில் நிரூபிக்க முடியாத உண்மைகள் உண்டு” என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து மனித மனம், கடவுள், கணினியின் எல்லை என்று தாவிவிடுவார்கள். 1931இல் கோடல் வெளியிட்ட முடிவோ நிபந்தனைகளோடு வருவது. மெய்கோள்கள், அதாவது நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படை வாக்கியங்கள், தமக்குள் முரண்படக் கூடாது. எது மெய்கோள், எது இல்லை என்று இயந்திர முறையில் கண்டுபிடிக்க முடிய வேண்டும். கூட்டலும் பெருக்கலும் சேர்ந்த எண்கணிதம் போதிய அளவு அதற்குள் அடங்க வேண்டும். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் கதை மாறிவிடும். மெய்யெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கூட்டல், பெருக்கல், பெரிது சிறிது எல்லாம் உண்டு. ஆனாலும் முதல்நிலை மொழியில், அதாவது ‘எல்லா எண்ணுக்கும்’, ‘ஏதோ ஓர் எண்ணுக்கு’ என்று தனித்தனி எண்களைப் பற்றி மட்டும் பேசும் மொழியில், எழுதிய எந்த வாக்கியத்தையும் மெய்யா பொய்யா என்று தீர்மானிக்க வழிமுறை உண்டு என்று போலந்துத் தர்க்கவியலாளர் தார்ஸ்கி காட்டினார். எண்கள் கூடினால் சிக்கலும் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே நேர்மாறு. முதுகலையில் படிப்பது பெரும்பாலும் இந்த நிபந்தனைகளைத்தான். எந்தச் செங்கல்லை உருவினால் எந்தச் சுவர் நிற்கும், எது விழும் என்று பொறுமையாகப் பார்க்கும் படிப்பு இது.

முதுகலை என்றதும் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் கோடல் இல்லை, மொய்ஸேஷ் பிரெஸ்பர்கர். வார்சாவில் தார்ஸ்கியிடம் படித்தவர். அவருடைய முதுகலை ஆய்வேடுதான் 1929இல் கட்டுரையாக வந்தது. பெருக்கலை எடுத்துவிட்டுக் கூட்டலை மட்டும் வைத்துக்கொண்டால், முழு எண்களைப் பற்றிய எந்த வாக்கியத்தையும் தீர்மானித்துவிடலாம் என்பது அதன் சாரம். கோடல் கதவைச் சாத்துவதற்கு இரண்டு ஆண்டு முன்பாக, அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சன்னலைத் திறந்துவைத்தவர் ஒரு முதுகலை மாணவர். பிறகு அவர் பேராசிரியர் ஆகவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யூதப் படுகொலைக்குப் பலியானார். அந்த ஆய்வேடு என்ன ஆயிற்று என்பதை வேலை பற்றிப் பேசும்போது சொல்கிறேன். உங்கள் அப்பாவுக்கு அந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

இந்தப் படிப்பு கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. முதல் பருவத்திலேயே காம்பாக்ட்னஸ் தேற்றம் வந்துவிடும். வாக்கியங்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. எண்ணிக்கைக்கு முடிவில்லாமலும் இருக்கலாம். அதிலிருந்து எந்தக் கைப்பிடியை அள்ளினாலும், அள்ளிய அளவு முடிவுள்ளதாக இருந்தால், அதை மெய்யாக்கும் ஓர் அமைப்பு, அதாவது அந்த வாக்கியங்கள் பேசும் பொருள்களின் ஓர் உலகம், இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மொத்தத் தொகுப்பையும் ஒருசேர மெய்யாக்கும் அமைப்பும் இருந்தே தீரும். தேற்றம் அவ்வளவுதான். பார்க்கச் சாதுவாக இருக்கிறது அல்லவா?

இப்போது இயல் எண்களைப் பற்றி முதல்நிலை மொழியில் சொல்லக்கூடிய எல்லா உண்மைகளையும் ஒரு பெட்டியில் போடுங்கள். புதிதாகப் பெயர் ஒன்றைச் சேருங்கள். ‘க’ என்று வைத்துக்கொள்வோம். கூடவே இந்த வாக்கியங்களையும் போடுங்கள்: க பூஜ்யத்தைவிடப் பெரிது, க ஒன்றைவிடப் பெரிது, க இரண்டைவிடப் பெரிது என்று முடிவில்லாமல். பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினால் அதில் க-வைப் பற்றிய வாக்கியங்கள் சில இருக்கும். அவற்றில் வரும் மிகப் பெரிய எண் நூறு கோடி என்றால், க என்பது நூறு கோடியே ஒன்று என்று வைத்துவிட்டால் போதும், கைப்பிடி முழுவதும் மெய். எந்தக் கைப்பிடிக்கும் இதே வித்தைதான். ஆகவே தேற்றத்தின்படி முழுப் பெட்டியையும் மெய்யாக்கும் அமைப்பு ஒன்று உண்டு. பள்ளியில் படித்த எண் உண்மைகள் அனைத்தும் அங்கே செல்லும். ஆனால் அதன் உள்ளே, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாம் எண்ணிச் சென்று ஒருபோதும் தொட முடியாத ‘எண்’ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது ஒற்றையா இரட்டையா என்று கேட்டால் இரண்டில் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். அதற்கு முந்தைய எண்ணும் உண்டு, அதற்கும் முந்தையது உண்டு, அப்படி இறங்கிக்கொண்டே போனாலும் பூஜ்யம் வராது. 1930களிலேயே நார்வேயின் கணிதவியலாளர் ஸ்கோலம் வேறு வழியில் இத்தகைய அமைப்புகளைக் காட்டியிருந்தார்.

இதைப் படித்ததும் “எங்கோ ஏமாற்றுகிறார்கள்” என்று உங்களுக்குத் தோன்றி, எங்கே என்று பென்சிலோடு தேட ஆரம்பித்தால் நீங்கள் இந்தப் படிப்புக்கு உரியவர். “அடடா, எவ்வளவு ஆழமான விஷயம்” என்று வியந்துவிட்டு நூலை மூடினால், உங்களுக்கு வேண்டியது இன்னொரு நல்ல நூல், பட்டம் தேவையில்லை. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வியப்பை மட்டும் நம்பி வந்து, இரண்டாம் பருவத்தில் திணறிப்போன மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்குப் பிடித்த இடம். 1929இல் வியன்னாவில் தம் முனைவர் ஆய்வேட்டில் கோடல் நிரூபித்தது முழுமைத் தேற்றம். மேலே சொன்ன, புகழ்பெற்ற 1931 முழுமையின்மைத் தேற்றத்துக்கு அண்ணன் அது. பொதுவாசகர் நூல்களில் அதற்கு அரைப் பக்கம்தான் கிடைக்கும். முரணற்ற வாக்கியத் தொகுப்புக்கு அதை மெய்யாக்கும் அமைப்பு ஒன்று உண்டு என்று அது சொல்கிறது. 1949இல் அமெரிக்கத் தர்க்கவியலாளர் ஹென்கின் அதற்குப் புதிய நிரூபணம் தந்தார். இன்று வகுப்பில் நடத்துவது அதைத்தான். அந்த அமைப்புக்கு வேண்டிய பொருள்களை எங்கே போய்த் தேடுவது? எங்கும் போக வேண்டாம், மொழியில் இருக்கும் சொற்களையே பொருள்களாக வைத்துக்கொள் என்கிறார் ஹென்கின். எழுத்து, சொல், பொருள் என்று தொல்காப்பியம் பிரித்துவைத்ததைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நமக்கு இது தனிச் சுவை. தர்க்கத்தில் சொல் பக்கம் நிரூபணம், பொருள் பக்கம் உண்மை. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம். ஒப்புமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது. பொருளதிகாரம் அகமும் புறமும் பேசுவது, வாக்கியங்களை மெய்யாக்கும் அமைப்புகளை ஆராயும் மாதிரிக் கோட்பாடு பேசுவதில்லை.

உங்கள் உறவில் யாராவது, “இதெல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்தது” என்று சொல்லக்கூடும். தர்க்கத்துக்கு அளவை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு எது சரியான ஏது (காரணம்), எது போலி என்று வரிசையாகக் கற்பிக்கிறார். அருமையான பகுதி, படியுங்கள். ஆனால் அது நம் அறிவு எதனால் உறுதிப்படுகிறது என்ற விசாரணை. கணித தர்க்கம் நிரூபணத்தையே ஒரு கணிதப் பொருளாக மேசைமேல் வைத்து அறுத்துப் பார்ப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பக் கட்டுரை எழுதினால் எந்தத் துறையிலும் எடுக்க மாட்டார்கள்.

இனி நடைமுறை. உங்கள் பி.எஸ்சி. பாடங்களில் இதற்கு உதவுவது கொஞ்சம்தான். இயக்கவியலும் வெக்டர் நுண்கணிதமும் இங்கே வேலைக்கு ஆகாது. குலம், வளையம், களம் என்று வரும் நுண்புல இயற்கணிதம் மிகவும் வேண்டும். இடவியலின் அடிப்படை வேண்டும். காம்பாக்ட்னஸ் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். வரிசையெண், ஆதியெண், ஸோர்ன் துணைத்தேற்றம் ஆகியவை கைக்குப் பழகியிருக்க வேண்டும். தேர்வுக்காக மனப்பாடம் செய்து எழுதிய நிரூபணங்கள் கணக்கில் சேராது. சோதனைப் பிரிவில் ஐந்து ஆண்டு இருந்திருக்கிறீர்கள், அது உங்களுக்கு எதிர்பாராத மூலதனம். எந்த விளிம்பு நிலையில் இது உடையும் என்று பார்க்கும் கண் பல கணித மாணவர்களுக்கு இல்லை.

எங்கே படிப்பது என்ற கேள்விக்குப் பலரும் பட்டத்தின் பெயரைத் தேடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன், அடி பட்டேன். என் காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் விவரக் கையேட்டில் கணித தர்க்கம் விருப்பப் பாடம் என்று அழகாக அச்சாகியிருந்தது. அதை நம்பிச் சேர்ந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, அதை நடத்தியவர் ஓய்வு பெற்று நான்கு ஆண்டு ஆகிவிட்டது. கையேட்டிலிருந்து பாடத்தை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. ஓராண்டு செயல்முறை ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்தேன். அதனால் சொல்கிறேன்: பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். இந்த ஆண்டு அந்தப் பாடத்தை யார் நடத்துகிறார், கடைசியாக எப்போது நடத்தினார், ஆய்வேட்டுக்கு மாணவர்களை ஏற்கிறாரா என்று அவருக்கே நேராக எழுதிக் கேளுங்கள். நான்கு வரி போதும். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்தியாவில் தர்க்கம் பெரும்பாலும் கணினி அறிவியல் துறைகளின் கூரைக்கு அடியில்தான் வாழ்கிறது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம், தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், ஐ.ஐ.டி. பம்பாய், இங்கே நம் இந்திய அறிவியல் கழகம் ஆகிய இடங்களில் தன்னியக்கிகள் (கணினியின் எளிய கணித மாதிரிகள்), கால தர்க்கம் (‘எப்போதும்’, ‘பிறகு’ போன்றவற்றைப் பேசும் தர்க்கம்), நிரல் சரிபார்ப்பு என்று வேலை நடக்கிறது. தரமணியில் நெடுங்காலம் தர்க்கம் கற்பித்த ஆர். ராமானுஜம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் கொண்டுபோனவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கணக் கோட்பாடு, தூய மாதிரிக் கோட்பாடு என்றால் நம் நாட்டில் ஆட்கள் மிகக் குறைவு. சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் எம்.எஸ்சி. கணினி அறிவியல் அல்லது கணிதம், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எம்.மேத் என்ற கணித முதுகலை ஆகிய இரண்டும் உங்களுக்கு நல்ல அடித்தளம் தரும். எம்.மேத் தர்க்கப் படிப்பு இல்லை, கணிதத்தை அகலமாகக் கற்பிக்கும் படிப்பு. ஆனால் உங்களிடம் இருக்கும் ஓட்டைகளை அது அடைத்துவிடும், மாத உதவித்தொகையும் உண்டு. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு கடினம். ஓராண்டுத் தயாரிப்பு இல்லாமல் எழுதினால் பயணச் செலவுதான் மிச்சம்.

அதற்கு முன்பாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்தியத் தர்க்கச் சங்கம் வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாட்டின் ஏதாவது ஒரு கல்வி நிறுவனத்தில் தர்க்கப் பள்ளி நடத்துகிறது. விடுப்பு எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். அங்கே மூன்றாம் நாள் காலையில் உங்களுக்கு எழுந்து போகத் தோன்றுகிறதா, இல்லையா என்பது எந்த ஆலோசகரும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

வெளிநாடு என்றால், தர்க்கம் என்ற பெயரிலேயே பட்டம் தரும் இடங்களில் எனக்கு முதலில் தோன்றுவது ஆம்ஸ்டர்டாம். தர்க்கம், மொழி, கணிப்பு மூன்றுக்குமான அதன் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுப் படிப்பு, ஆங்கிலத்தில். கணிதவியலாளர் பிரவர் பேராசிரியராக இருந்து, ‘ஒன்று மெய், இல்லையேல் பொய், மூன்றாம் வழி இல்லை’ என்ற விதியையே கேள்வி கேட்ட ஊர் அது. கணக் கோட்பாட்டிலும் மாதிரிக் கோட்பாட்டிலும் ஆழமாகப் போக வேண்டுமானால் ஜெர்மனியின் பான், மூன்ஸ்டர், ஆஸ்திரியாவின் வியன்னா ஆகிய பல்கலைக்கழகங்களின் கணித முதுகலை பொருத்தமாக இருக்கும். பட்டத்தில் கணிதம் என்றுதான் இருக்கும், உள்ளே தர்க்கம் படிக்கலாம். பானிலும் மூன்ஸ்டரிலும் கற்பிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் ஜெர்மன் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக ஏறத்தாழ 12,000 யூரோவை முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்டில் (முடக்கிய வங்கிக் கணக்கில்) போட்டுக் காட்ட வேண்டும். 2022 இறுதியிலிருந்து, நம் பட்டச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கேட்கிறார்கள். உங்களுடையது மூன்று ஆண்டு பி.எஸ்சி. என்பதால் அதை ஏற்பார்களா என்று ஒவ்வொரு துறையிடமும் விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடன் வாங்கிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வீட்டில் ஒரு கல்விக் கடன் போதும்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கல்லூரி ஆசிரியர் வேலை உங்கள் மனத்தில் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் கணிதப் பாடத்திட்டத்தில் கணித தர்க்கத்துக்கென்று தனி அலகு கிடையாது. பகுப்பாய்வு, இயற்கணிதம், கலப்பெண் சார்புகள், இடவியல், வகைக்கெழுச் சமன்பாடு என்றுதான் போகும். இரண்டு ஆண்டு தர்க்கத்தில் மூழ்கிவிட்டு நெட் எழுத உட்கார்ந்தால் கை நடுங்கும். அந்த வழி வேண்டுமென்றால் தர்க்கத்தோடு மற்றதையும் சமமாகப் படித்தாக வேண்டும்.

வேலை வேறொரு திசையில் இருக்கிறது, நீங்கள் தினமும் இறங்கும் ஒயிட்ஃபீல்டிலேயே இருக்கிறது. 1994இல் பென்டியம் சிப்பின் வகுத்தல் சுற்றில் பிழை இருப்பதைத் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். இன்டெல் அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். சோதனைப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது எப்படி நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு 64 பிட் எண்களைக் கூட்டும் ஒரு சுற்றுக்கு உள்ளீடுகள் எத்தனை வகை? 39 இலக்கங்கள் கொண்ட எண். பிரபஞ்சத்தின் வயது முழுவதும் உட்கார்ந்து சோதித்தாலும் தீராது. சோதித்துத் தீராததை நிரூபித்துத் தீர்ப்பதுதான் நாங்கள் ‘ஃபார்மல்’ என்று செல்லமாக அழைக்கும் வேலை. வடிவமைப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அசர்ஷன்களாக எழுதுவோம். கருவி அவற்றை நிரூபிக்கும், அல்லது உடையும் இடத்தைக் காட்டும். அந்த அசர்ஷன்களின் மொழிக்கு வேர் கால தர்க்கம். அதை 1977இல் நிரல் சரிபார்ப்புக்குக் கொண்டுவந்த அமீர் புனூயெலிக்கு 1996இல் டூரிங் விருது கிடைத்தது. வடிவமைப்பு அடையக்கூடிய நிலைகளை இயந்திரமே துருவிப் பார்க்கும் மாடல் செக்கிங் முறைக்காகக் கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவரும் 2007ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றார்கள்.

இங்கேதான் அந்தக் காப்பீட்டு நிறுவன ஊழியர் திரும்பி வருகிறார். நிரல்களைச் சரிபார்க்கும் கருவிகளின் வயிற்றுக்குள், ஒரு வாக்கியத்தை மெய்யாக்க முடியுமா என்று தாமே கண்டுபிடிக்கும் எஸ்.எம்.டி. தீர்வான்கள் இருக்கின்றன; மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பிறந்த இசட்3 அவற்றில் ஒன்று. “இந்த அணியின் எல்லையைத் தாண்டி இந்தக் குறியீட்டெண் போகுமா?” போன்ற கேள்விகள் அங்கே பெரும்பாலும் கூட்டலும் பெரிது சிறிதும் மட்டும் கொண்ட முழு எண் வாக்கியங்களாக வந்து விழும். அதாவது பிரெஸ்பர்கரின் எண்கணிதம். பெயரும் அதுதான், இன்றும். இந்த வாக்கியங்களைத் தீர்மானிக்கும் எந்த வழிமுறைக்கும் மோசமான நிலைமைகளில் குறைந்தது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை 1974இல் ஃபிஷரும் ராபினும் கணக்கிட்டுப் பயமுறுத்தினார்கள். ஆனாலும் நடைமுறையில் வரும் வாக்கியங்கள் பெரும்பாலும் அவ்வளவு கொடியவை இல்லை. முனைவர் பட்டம்கூட வாங்காமல் போன ஒருவருடைய முதுகலை ஆய்வேட்டை வைத்து இன்று நிறையப் பேர் மாதச் சம்பளம் வாங்குகிறோம். அவருக்கு அதில் ஒரு காசு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், இந்த வேலைக்குத் தர்க்கத்தில் பட்டம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போவது இன்னும் நேரான சாலை. மேலும் உங்களைத் தூங்கவிடாமல் செய்த கோடல் அங்கே தினமும் வர மாட்டார். வெள்ளிக்கிழமை மாலை, நிரூபணம் முடியாமல் கருவி சுற்றிக்கொண்டே இருக்கும்போது, ஒருவேளை எட்டிப் பார்ப்பார். உங்களுக்கு வேண்டியது அந்த வேலையா, கணக் கோட்பாடா என்பதை நீங்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் தர்க்கம்தான், வாழ்க்கை வேறு வேறு.

வயதைப் பற்றிக் கேட்காமல் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வரிகளுக்கு நடுவே அது இருக்கிறது. 28 வயதில் முதுகலை சேர்ந்தவர்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர் இருந்தார்கள். விஷயம் அதோடு முடிந்தது.

தவணை முடிய இரண்டு ஆண்டு என்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று, உங்களுக்குத் தேவைப்படும் காலமும் அதுவேதான். விஜயநகரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ஊதா வழித்தட மெட்ரோவில் போய்வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். நாளுக்கு இரண்டு மணி நேரமாவது அதில் போகும். காலையில் உட்கார இடம் கிடைக்கும் நாள்களில் எண்டர்டனின் கணித தர்க்க அறிமுக நூலைத் திறங்கள். இரண்டாம் அத்தியாயம் முதல்நிலை தர்க்கம்; முழுமைத் தேற்றம் அங்கே இருக்கிறது. அவசரப்படாமல் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நூலை மூடிவிட்டு அந்த நிரூபணத்தை வெள்ளைத் தாளில் உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் பிரெஸ்பர்கர் காத்திருப்பார், கோடலும் அங்கேதான். அலுத்துப்போகும் மாலைகளில் லீன் என்ற நிரூபணத் துணைவன் மென்பொருளில் இயல் எண் விளையாட்டு ஆடிப் பாருங்கள். இரண்டும் இரண்டும் நான்கு என்பதைக் கணினி ஒத்துக்கொள்ளும் வரை நிரூபிக்க வேண்டும். சோதனையாளருக்கு அது போதைபோல் பிடித்துவிடும், எச்சரிக்கை. வார இறுதியில் இயற்கணிதம். இரண்டாவது ஆண்டில் நுழைவுத் தேர்வு எழுதுங்கள். புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூரு மையம் மைசூர் சாலை எட்டாவது மைலில் இருக்கிறது. அதே ஊதா வழித்தடம்தான், எதிர்த்திசை ரயில்.

அப்பாவிடம் இப்போதைக்கு வேலையை விடப்போவதாகச் சொல்ல வேண்டாம். படிக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு தினமும் மகள் படிப்பதைப் பார்த்தவர் மூன்றாவது ஆண்டில் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். என் பெரியப்பா கடைசியில் கேட்டது, “அந்த முடிவில்லாத எண், அது ஒற்றையா இரட்டையா என்று முடிவு செய்துவிட்டீர்களா?” என்பதுதான்.

ஒரு கணக்கு தருகிறேன். “குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு” என்று முதல்நிலை மொழியில் ஒரே வாக்கியத்தில் எழுதலாம். முதலில் அதை எழுதிப் பாருங்கள். “பொருள்களின் எண்ணிக்கைக்கு முடிவு உண்டு” என்பதை மட்டும் எத்தனை வாக்கியம் எழுதினாலும், முடிவில்லாத எண்ணிக்கையில் எழுதினாலும், அந்த மொழியில் சொல்லிவிட முடியாது. ஏன் என்று நிரூபியுங்கள். மேலே க-வை வைத்து நாம் ஆடிய ஆட்டத்துக்கு நெருங்கிய உறவுக்காரக் கணக்கு இது. விடையை இதே முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். முதலில் எழுதித் தவறாகப்போன தாள்களையும் கிழித்துப் போடாமல் கூடவே வையுங்கள், நான் அவற்றைத்தான் முதலில் படிப்பேன்.